ஹில்டெகார்ட் க்னேஃபை வீழ்த்தியது அந்தச் சில நொடிகளா?

ஹில்டெகார்ட் க்னேஃப் என்ற ஜெர்மன் நடிகை 1951-இல் ஒரு படத்தில் நிர்வாணமாகத் தோன்றினார், அதனால் ஹாலிவுட் வாய்ப்பு போனது, சொந்த நாடும் ஒதுக்கியது, கடைசியில் பாட்டுப் பாடித்தான் பிழைத்தார் என்று ஒரு காணொளியில் பார்த்ததாகவும், இது எவ்வளவு தூரம் உண்மை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு காட்சியைப் பற்றிய கேள்வி. உண்மையில் நீங்கள் கேட்பது, இவ்வளவு திறமையுள்ள ஒருவர் ஏன் பெரிய திரை நட்சத்திரமாக நிலைக்கவில்லை என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பல வருடங்களாக ஜெர்மன் படங்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வசனத் துணையெழுத்து போடுபவன். ஒரே வசனத்தை இருபது முறை ஓட்டிக் கேட்கிற வேலை அது. அதனால் நடிகர்களின் முகத்தைவிடக் குரல்தான் எனக்கு அதிகம் பழக்கம். என் பதில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காணொளிக் கதையை வருடக் கணக்கை வைத்தே தள்ளிவிடலாம். சர்ச்சைக்குள்ளான 'பாவி' என்ற படம் வெளியானது 1951 ஜனவரியில். அவர் நடித்த பெயர் பெற்ற ஹாலிவுட் படங்கள் எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை. அனடோல் லிட்வாக் இயக்கிய 'டிசிஷன் பிஃபோர் டான்' 1951 கடைசியில் வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. கிரிகரி பெக், ஏவா கார்ட்னரோடு நடித்த 'தி ஸ்னோஸ் ஆஃப் கிளிமஞ்சாரோ' 1952-இல் வந்தது. கரோல் ரீட் பெர்லினில் எடுத்த பிரிட்டிஷ் படமான 'தி மேன் பிட்வீன்' 1953. நியூயார்க்கின் பிராட்வே மேடையில் கதாநாயகியாக நின்றது 1955. சர்ச்சையால் வாய்ப்பு போனது என்பவர்கள் இந்த வரிசைக்கு என்ன பதில் சொல்வார்களோ தெரியவில்லை. உண்மையில் அவர் ஹாலிவுட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த காலம் சர்ச்சைக்கு முந்தையது. அங்கே போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

க்னேஃப் 1925 டிசம்பர் 28 அன்று உல்ம் நகரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார், அம்மா பெர்லினுக்கு வந்துவிட்டார். அதனால் பேச்சு, கிண்டல், அலட்சியம் எல்லாம் அசல் பெர்லின். பள்ளியைப் பாதியில் விட்டு உஃபா என்ற படநிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவில் ஓவியப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கிருந்து நடிப்புப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டவர் எல்ஸே போங்கர்ஸ் என்ற ஆசிரியை. போர் முடிகிற தறுவாயில் எடுக்கப்பட்ட சில படங்களில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. ஹெல்முட் கொய்ட்னர் 1944-இல் எடுத்த 'பாலங்களின் கீழே' படத்தில் கண் இமைக்கும் நேரம் வந்துபோவார்.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் அவர் எவால்ட் ஃபோன் டெமன்டோவ்ஸ்கி என்பவரோடு வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த ஆள் சாதாரண ஆள் இல்லை. டோபிஸ் படநிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர், நாஜித் திரைத்துறையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். போருக்குப் பின் சோவியத் தரப்பு 1946-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. இதுவரை உறுதி. 1945 ஏப்ரலில் க்னேஃப் ஆண் வேடத்தில், சிப்பாய் உடையில், அவரோடு சேர்ந்து பெர்லின் சண்டைக்கு நடுவே தப்ப முயன்று பிடிபட்டு, பிறகு சிறை முகாமிலிருந்து வெளியே வந்தார் என்பது அவருடைய சுயசரிதையை நம்பிச் சொல்லப்படும் கதை. அந்தப் பகுதி அபாரமாக எழுதப்பட்டிருக்கிறது. அபாரமாக எழுதப்பட்டிருப்பதாலேயே நான் அதை ஒரு பிடி உப்போடுதான் விழுங்குவேன். சம்பவம் நடந்திருக்கலாம்; அடுத்தடுத்து இவ்வளவு கச்சிதமாக நடந்திருக்குமா என்பதுதான் சந்தேகம்.

போர் முடிந்து சில மாதங்களிலேயே அவர் நின்ற இடம் சினிமா இல்லை, மேடை. 1945 நவம்பரில் பொலெஸ்லாவ் பார்லோக் என்பவர் பெர்லினின் ஸ்டெக்லிட்ஸ் பகுதியில் ஷ்லோஸ்பார்க் நாடக அரங்கைத் திறந்தார். முதல் நாடகம் கர்ட் கெட்ஸின் 'ஹோக்குஸ்போக்குஸ்' என்ற நகைச்சுவை. அதில் க்னேஃப் நடித்தார். கரி இல்லை, ரொட்டி இல்லை, ஊரில் பாதி இடிபாடு. அந்தக் குளிர்காலத்தில் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். இந்த மேடைப் பழக்கம் இல்லாமல் பின்னால் வந்த எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். வசனத்தை அவசரப்படாமல் வைத்து, கடைசிச் சொல்லை மட்டும் அசட்டையாகக் கீழே போடும் அவருடைய வழக்கம் திரைப்படத்தில் கற்றது மாதிரி தெரியவில்லை. கூட்டத்தின் சிரிப்புக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தெரிந்த ஆளின் வழக்கம் அது.

1946-இல் வொல்ஃப்காங் ஷ்டவுட எடுத்த 'கொலைகாரர்கள் நம்மிடையே' வந்தது. போருக்குப் பின் ஜெர்மனியில் எடுத்த முதல் கதைப்படம். மேற்கத்திய நேச நாடுகள் கைவிரித்துவிட, சோவியத் தரப்பு அனுமதி கொடுத்தது, புதிதாகத் தொடங்கிய டெஃபா நிறுவனம் தயாரித்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஷ்டவுடவின் முதல் வடிவத்தில் நாயகன் போர்க் குற்றவாளியைச் சுட்டுவிடுவான். ஆளாளுக்குப் பழி வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று அதிகாரிகள் கவலைப்பட, குற்றவாளியை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று முடிவு மாறியது. க்னேஃபுக்கு வதைமுகாமிலிருந்து பெர்லினில் தன் பழைய வீட்டுக்குத் திரும்பும் சூசன்னே என்ற பெண்ணின் வேடம். உண்மையைச் சொன்னால் அந்த வேடத்துக்கு அவர் பொருந்தவே இல்லை. முகாமிலிருந்து வந்தவள் அப்படிப் பளிச்சென்று, மடிப்புக் கலையாமல் இருக்க முடியாது. நாயகனின் மனப்புண்ணுக்குக் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்தப் பெண் பட்ட பாட்டுக்குக் கதை கொடுக்கவில்லை. இது இயக்குநரின் குறை, இருபது வயது நடிகையின் குறை இல்லை. ஆனாலும் இடிந்த சுவர்களுக்கு நடுவே அந்த முகம் நின்றதை மக்கள் மறக்கவில்லை. 1948-இல் வந்த 'தலைப்பில்லாத படம்' அவருக்கு லொகார்னோ விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கிக் கொடுத்தது. அதே வருடம் ஆகஸ்டில் 'ஷ்டெர்ன்' வார இதழ் தொடங்கியபோது முதல் இதழின் அட்டையில் இருந்ததும் இவர்தான்.

இதற்கிடையில் அமெரிக்கப் படையின் திரைப்படப் பிரிவில் இருந்த கர்ட் ஹிர்ஷ் என்ற யூதரை மணந்துகொண்டார். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கோடு ஒப்பந்தம் ஆகி அமெரிக்கா போனார். அங்கே நடந்தது ஒன்றுமில்லை. சம்பளம் வரும், ஆங்கிலப் பாடம் நடக்கும், வேடம் மட்டும் வராது. பெயரை கில்டா கிறிஸ்டியன் என்று மாற்றிக்கொள், ஜெர்மன்காரி என்று சொல்லாதே, ஆஸ்திரியாவில் பிறந்ததாகச் சொல் என்று கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார் என்பது அவரே பலமுறை சொன்னது. செல்ஸ்னிக் தரப்புக் காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் காலத்தோடு பொருந்தும் கதை. போர் முடிந்து மூன்று வருடத்தில் ஒரு ஜெர்மன் பெண்ணை நாயகியாக விற்பது எந்த நிறுவனத்துக்கும் தலைவலிதான். டெமன்டோவ்ஸ்கி தொடர்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. இருக்கலாம், நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். பின்னால் ஹாலிவுட் அவர் பெயரை ஹில்டகார்ட் நெஃப் என்று சுருக்கிக்கொண்டது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு 'க்ன' என்று சொல் தொடங்குவது வாயில் வராது. 

இப்போது 'பாவி'க்கு வருவோம். வில்லி ஃபோர்ஸ்ட் இயக்கிய 'டீ ஸுண்டரின்'. சொல்லுக்கு நேர்ப் பொருள் 'பாவம் செய்தவள்'. மரீனா என்ற விலைமகள் ஓர் ஓவியனைக் காதலிக்கிறாள். அவனுக்கு மூளையில் கட்டி, பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்க்க மறுபடி பழைய தொழிலுக்குப் போகிறாள். சிகிச்சைக்குப் பின் சில காலம் நன்றாக இருந்து மறுபடி பார்வை போக, அவன் கேட்டபடி அவனுக்கு விஷம் கொடுத்துத் தானும் குடித்துவிடுகிறாள். நிர்வாணக் காட்சி என்பது ஓவியனுக்காக அவள் தோட்டத்தில் நிற்கும் சில நொடிகள். அதுவும் தூரத்திலிருந்து. இன்றைக்குப் பார்ப்பவர் கவனிக்காமலே விட்டுவிடலாம்.

எதிர்ப்பின் முதல் காரணமும் அது இல்லை, இதைத்தான் காணொளிகள் கோட்டை விடுகின்றன. ஜெர்மன் திரைத்துறை தானே அமைத்துக்கொண்ட தணிக்கைக் குழு முதலில் படத்தை மறுத்ததற்குச் சொன்ன குறைகள் வேறு. விபச்சாரத்தைக் கஷ்டத்துக்கு ஒரு வழியாகக் காட்டுகிறது, நோயாளியைக் கொல்வதையும் தற்கொலையையும் அன்பின் செயலாகக் காட்டுகிறது என்பவை அவை. யோசித்துப் பாருங்கள், நோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் 'கருணை' என்ற பெயரில் அரசே கொன்று முடித்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நாட்டில் கருணைக் கொலையைப் பற்றிய பதற்றத்தை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. மேல்முறையீட்டில் படம் அனுமதி பெற்றதும் தேவாலயப் பிரதிநிதிகள் குழுவிலிருந்து வெளியேறினார்கள். கொலோன் கார்டினல் ஃப்ரிங்ஸின் கண்டன மடல் கோயில்களில் வாசிக்கப்பட்டது. சில ஊர்களில் தடை. சில அரங்குகளில் நாற்றக் குண்டு வீசினார்கள், எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். வழக்கமாக நடப்பதுதான் நடந்தது: கூட்டம் அலைமோதியது. தடையை எதிர்த்துப் போன வழக்கில் 1954 டிசம்பரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், திரைப்படமும் அரசியல் சட்டம் காக்கும் கலைச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. இன்றும் ஜெர்மன் சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

அப்படியானால் அவருக்குப் பாதிப்பே இல்லையா? இருந்தது. ஆனால் அது தொழிலில் இல்லை, பெயரில். ஜெர்மனியில் ரொம்ப காலத்துக்கு அவரைப் பற்றிய எந்தச் செய்தியும் 'பாவி' என்ற அடைமொழியோடுதான் வந்தது. அதைச் சாகும்வரை வெறுத்தார். என் தொழில் கண்ணில் பட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் பெரும்பகுதி நேரம் ஓடிக்கொண்டிருப்பது மரீனாவின் பின்னணிக் குரல். மற்றவர்கள் பேசுவது குறைவு. கதையைத் தாங்கி நிற்பது க்னேஃபின் குரல் ஒன்றுதான். ஊரே உடம்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, படம் முழுக்க அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஹாலிவுட்டும் கவனிக்கவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்தது உளவு பார்க்கும் பெண், மதுவிடுதிப் பெண், குளிர்ந்த முகமுள்ள ஐரோப்பியச் சீமாட்டி. 'கிளிமஞ்சாரோ'வில் இசையமைப்பாளர் கோல் போர்ட்டரின் இரண்டு பாடல்களைப் பாட விட்டார்கள். அந்த வேடத்தில் உயிருள்ள பகுதி அதுதான். மூன்றே வருடங்களில் அதே கோல் போர்ட்டரின் கடைசி பிராட்வே இசை நாடகமான 'சில்க் ஸ்டாக்கிங்ஸ்' அவரைத் தேடி வந்தது. கிரேட்டா கார்போ திரையில் செய்த நினோச்கா பாத்திரம், எதிரே டான் அமெச்சி. பிராட்வேக்கு வரும் முன்பே இயக்குநர் மாறினார், வசனம் திரும்ப எழுதப்பட்டது. இத்தனை களேபரத்துக்கும் பிறகு 1955 பிப்ரவரி 24 முதல் 1956 ஏப்ரல் வரை 478 காட்சிகள். வாரத்துக்கு எட்டு காட்சி, தாய்மொழி அல்லாத மொழியில், பயிற்சி பெறாத பாட்டுக் குரலோடு. ஒரு ஜெர்மன் நடிகை இப்படி ஒரு மேடையைத் தாங்கியது சாதாரணக் காரியம் இல்லை. நான் அதைப் பார்த்தவன் இல்லை, பார்த்திருக்கவும் முடியாது. ஒலித்தட்டு மட்டும் கேட்டிருக்கிறேன். சுரம் சில இடங்களில் தடுமாறுகிறது. ஆனால் கண்டிப்பான சோவியத் அதிகாரிப் பெண் ஒருத்தி காதலை வேதியியல் என்று விளக்கும் பாட்டில், சிரிப்பை எங்கே ஒளித்து வைக்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1957-இல் அதைப் படமாக எடுத்தபோது வேடம் சிட் சாரிஸுக்குப் போனது. ஆடத் தெரிந்தவர் வேண்டும் என்று ஃப்ரெட் அஸ்டேர் படத்தில் கேட்பது நியாயம்தான். ஹாலிவுட் ஏன் கைகூடவில்லை என்பதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் வேண்டுமென்றால், அவர்கள் தேடியது முன்பே அங்கே புகழ்பெற்றிருந்த ஜெர்மன் நடிகை டீட்ரிஷைப் போன்ற இன்னொரு முகத்தை, இவரிடம் இருந்தது வேறு சரக்கு என்பேன். இது என் கணிப்பு மட்டுமே. மார்லேன டீட்ரிஷ் அவருக்கு நல்ல தோழியாகவே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் திரும்பிய பிறகு வந்த படங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பெரும்பாலும் சுமார் ரகம். 1963-இல் அதே ஷ்டவுட எடுத்த 'மூன்று காசு நாடகம்' படத்தில் ஜென்னி என்ற பாத்திரத்தில் வந்தார்; படம் ஓடவில்லை. ஆனால் அதே வருடம் முதல் நீண்ட இசைத்தட்டு வந்தது. பாடிப் பிழைத்தார் என்று காணொளி இளக்காரமாகச் சொன்னது இந்தக் கட்டத்தைத்தான். எனக்கு இது வீழ்ச்சியாகவே தெரியவில்லை. தன் பாட்டுகளைத் தானே எழுத ஆரம்பித்தார். அடித்தொண்டையிலிருந்து வரும் கரகரத்த குரல், பாதி பாட்டு பாதி பேச்சு. அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அவரைக் 'குரல் இல்லாத மாபெரும் பாடகி' என்று பாராட்டியதாக எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். எப்போது, எந்தப் பேட்டியில் என்று யாரும் எழுதுவதில்லை, ஆகவே இதைச் செவிவழிச் செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள். 1968-இல் வந்த 'எனக்காகச் சிவப்பு ரோஜாக்கள் பொழியட்டும்' பாட்டின் வரிகள் அவருடையவை, இசை ஹான்ஸ் ஹாமர்ஷ்மிட். பதினாறு வயதில் எல்லாமே வேண்டும் என்று கேட்ட பெண், வயதான பிறகும் கேட்பதைக் குறைத்துக்கொள்ள மறுக்கிற பாட்டு. ஜெர்மனியில் அதைத் தெரியாதவர் குறைவு.

அப்புறம் 1970-இல் சுயசரிதை. தலைப்பு 'தானமாக வந்த குதிரை'. நம்மூரில் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்போமே, ஜெர்மன்காரர்களுக்கு அது மாடு இல்லை, குதிரை. வாழ்க்கை தானமாக வந்தது, பல்லைப் பார்க்காமல் ஏறிக்கொள் என்ற பொருளில் வைத்திருக்கிறார். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நன்றாக விற்றது. மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரைகுறை வாக்கியங்கள், நடுவில் வெட்டிக்கொண்டு வரும் பெர்லின் வசனங்கள், திடீர் மௌனங்கள், எல்லாமே மேடையில் பேசப் பழகியவர் எழுதியது என்று தெரியும். 1975-இல் வந்த 'தீர்ப்பு' அவருக்கு வந்த புற்றுநோயையும் மருத்துவமனைகளையும் பற்றியது. மார்பகப் புற்றுநோயை ஒரு பிரபலம் வெளிப்படையாகப் பேசுவது அன்றைக்கு வழக்கமே இல்லை. சிலர் பாராட்டினார்கள், சிலர் நோயைக் காட்டி விளம்பரம் தேடுகிறார் என்று திட்டினார்கள்.

நடிப்பையும் விட்டுவிடவில்லை. 1976-இல் ஹான்ஸ் ஃபலாடாவின் நாவலைப் படமாக எடுத்த 'ஒவ்வொருவரும் தனியாகவே சாகிறார்கள்' படத்தில், ஹிட்லருக்கு எதிராக அஞ்சலட்டை எழுதி ஊரில் போட்டுவைக்கும் தொழிலாளித் தம்பதியில் மனைவி வேடம். கணவன் கார்ல் ராடாட்ஸ். முப்பது வருடம் முன்பு 'பாலங்களின் கீழே' படத்தில் இவர் ஓர் ஓரத்தில் வந்துபோனபோது அதன் நாயகன் அவர்தான். முகப்பூச்சும் பொய் இமையும் இல்லாமல், களைத்துப்போன அம்மாவாக அவர் வரும் இந்தப் படம் கார்லோவி வாரி விழாவில் நடிகைக்கான விருதைக் கொடுத்தது. சூசன்னே வேடத்தில் இல்லாதது அனைத்தும் இதில் இருக்கிறது. 1978-இல் பில்லி வைல்டரின் 'ஃபெடோரா'. 1987-இல் பெர்லினின் தியேட்டர் டெஸ் வெஸ்டன்ஸ் மேடையில் 'கேபரே' இசை நாடகத்தில் வாடகைக்கு அறை விடும் வயதான ஷ்னைடர் அம்மாள். கடைசிக் காலத்தில் பணக் கஷ்டமும், வலி மருந்துகளும், பத்திரிகைக் கிசுகிசுவும் இருந்தன என்பது உண்மை. அதை 1951-ஓடு முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை. 2002 பிப்ரவரி 1 அன்று பெர்லினில் இறந்தார். அங்கே ஸுட்க்ரொய்ட்ஸ் ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள சதுக்கத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

நீங்கள் ஜெர்மன் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். 'பாவி'யில் தொடங்காதீர்கள். ஃபலாடா படத்தை முதலில் பாருங்கள், பிறகு 1946 படத்தைப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே உள்ள முப்பது வருடம் தானாகத் தெரியும். ரோஜாப் பாட்டைக் கேட்பதானால் 1968 பதிவோடு நிறுத்திவிடாமல், எக்ஸ்ட்ராப்ரைட் என்ற ராக் குழுவோடு சேர்ந்து 1992-இல் அவர் மறுபடி பாடியதையும் கேளுங்கள். அறுபத்தாறு வயது, பின்னால் கிடார்கள் அலறுகின்றன, அவர் துளியும் அவசரப்படாமல் சொற்களை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கிறார்.